கேளுங்கோ, சொல்லுறன்: நடுவில் வந்த சேற்று நிறம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிறேடியன்ற் பற்றியவை. ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொரு நிறமாக மாறுகிற அந்த நிறச்சாய்வுதான். வைகாசி நெருங்குகிறது, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பாதை நீளத்துக்கும் பனர் கட்டப் போகிறார்கள். கோயில் மலர், பாடசாலை மலர் என்று எல்லாரும் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருக்கிற காலம். அதனால்தான் போலக் கிடக்கு. மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

*

கேள்வி: எங்கள் பாடசாலை மலரின் அட்டைக்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் மேலே நீலம், கீழே செம்மஞ்சள் என்று கிறேடியன்ற் போட்டேன். நந்திக்கடலில் பொழுதுபடுகிற மாதிரி வரவேண்டும் என்பது எண்ணம். அச்சாகி வந்தால் நடுவில் நாலு விரல் அகலத்துக்குச் சேற்று நிறம். அச்சகத்தார் "பைலில இருந்ததுதான் வந்திருக்கு" என்கிறார்கள். யாரில் பிழை?
— ஆசிரியை ஒருவர், முல்லைத்தீவு

அச்சகத்தார் சொன்னது உண்மை, ரீச்சர். மனம் நோகவேண்டாம். இதே வானத்தை இதே மாதிரி நானும் கெடுத்திருக்கிறேன், அதுவும் ஒரு கல்வெட்டில், அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தில்.

ஆயுள் முழுக்க நந்திக்கடலில் வலை வீசிய ஒரு பெரியவரின் அந்தியேட்டிக்கு 300 புத்தகம். அட்டையில் "அப்பா ஒவ்வொரு நாளும் பாத்த வானம்" வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள். நானும் நீலத்தையும் செம்மஞ்சளையும் இரண்டு முனையிலும் வைத்து, லப்டொப்பில் தள்ளி நின்று பார்த்து, வடிவு என்று அனுப்பிவிட்டேன். அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்க அட்டைகள் வந்தன. அவள் ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது மழை வாறதுக்கு முந்தி இருக்கிற வானம் அக்கா" என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும். புது அட்டை என் செலவில் போனது.

நடந்தது என்னவென்றால், மென்பொருளுக்கு வானம் தெரியாது, எண் மட்டுந்தான் தெரியும். அச்சில் இருப்பது சயன் (வெளிர்நீலம்), மஜென்ரா (ஊதாச்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று நாலு மை; ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். செம்மஞ்சள் என்பது மஜென்ரா 60, மஞ்சள் 100. நீலம் என்பது சயன் 100, மஜென்ரா 60. இரண்டுக்கும் சரி நடுவில் அது என்ன செய்யும்? ஒவ்வொரு மையிலும் பாதிப் பாதி எடுக்கும். சயன் 50, மஜென்ரா 60, மஞ்சள் 50. மூன்று மையும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் வருவது சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். திரையிலும் அது இருந்திருக்கும். ஆனால் திரை வெளிச்சத்தால் ஆனது, கண்ணை மயக்கிவிடும். தாளில் மை மயக்காது.

ஒரு பின்னேரம் வட்டுவாகல் பாலத்தில் நின்று மேற்கே பாருங்கள். கீழே செம்மஞ்சள், உச்சியில் நீலம். ஆனால் செம்மஞ்சள் நேரே நீலத்துக்குப் போவதில்லை. முதலில் வெளிறிய மஞ்சள், அதற்கு மேலே வெள்ளை என்றும் சொல்லமுடியாத, மஞ்சள் என்றும் சொல்லமுடியாத ஒரு பட்டை, அதன் பிறகுதான் நீலம் தொடங்கும். அந்த நடுப்பட்டையை நாங்கள்தான் வைக்க வேண்டும்.

வைப்பது இப்படி. நிறங்களைச் சேர்த்துவைக்கிற சுவொட்சஸ் பனலின் மூலையில் இருக்கிற மெனுவைத் திறந்து நியூ கிறேடியன்ற் சுவொட்ச் என்பதைத் தெரியுங்கள். முதலில் ஒரு பெயர் கொடுங்கள். "அட்டை வானம்" என்று பெயர் இருந்தால் நாளைக்கு உதவும், "நியூ கிறேடியன்ற் சுவொட்ச் 7" என்று கிடந்தால் நீங்களே மறந்துவிடுவீர்கள். ரைப் என்ற இடத்தில் லீனியர். அடியில் ஒரு நீட்டுப் பட்டை தெரியும், அதன் கீழே இரண்டு முனையிலும் சின்னச் சின்னப் பெட்டி. அவைதான் ஸ்ரொப். ஒரு பெட்டியை அழுத்தினால்தான் மேலே நிற எண்களைக் கொடுக்கலாம். அழுத்தாமல் எண்ணைத் தேடிக் களைத்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு முனைக்கும் நிறம் கொடுத்த பிறகு, பட்டையின் கீழ் விளிம்பில், நடுவில் வெறும் இடத்தில் ஒருதரம் கிளிக் பண்ணுங்கள். மூன்றாவது ஸ்ரொப் பிறக்கும். அதற்கு மஜென்ரா 5, மஞ்சள் 20, மற்ற இரண்டும் பூச்சியம். இப்போது செம்மஞ்சள் வெளிறி அந்தப் பட்டைக்கு வரும், அங்கிருந்து நீலமாகும். சேற்றுக்கு வழி இல்லை. ஸ்ரொப் பிடிக்காவிட்டால் கீழே இழுத்து விட்டுவிடுங்கள், போய்விடும். பட்டையின் மேலே தெரிகிற சின்ன வைரத்தை நகர்த்தினால் எந்த நிறத்துக்கு எவ்வளவு இடம் என்பதும் மாறும். பிறகு பக்கத்தில் நிறம் நிரப்பவேண்டிய பெட்டியைத் தெரிந்து, சுவொட்சை அழுத்தி, ஜி விசையைத் தட்டி, கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுங்கள். ஷிப்ற்றைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் கோடு சாயாது.

இதையெல்லாம் கொம்பியூட்டர் வரமுந்தியே என் பெரியப்பா செய்திருக்கிறார். வவுனியாவில் அவருடைய சின்ன ஓப்செட் மெஷின். கலியாணக் காட் வந்தால் மைத்தொட்டியின் ஒரு பக்கத்தில் மஞ்சளும் மறுபக்கத்தில் சிவப்பும் வைப்பார். உருளைகள் சுற்றுகிறபோது பக்கவாட்டிலும் கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்தில் இரண்டு மையும் நடுவில் கலந்து தோடம்பழ நிறமாகும். ஒரே ஓட்டத்தில் மூன்று நிறம். ஆனால் சில நூறு தாள் போனதும் கலந்த பகுதி அகன்று அகன்று மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கத் தொடங்கும். நிற்பாட்டிக் கழுவி மறுபடி வைக்க வேண்டும். ஒருநாள் நான் சிவப்பும் பச்சையும் வைப்போமா என்று கேட்டேன். "பக்கத்து வீட்டு நிறத்தை வை பிள்ளை, எதிர்வீட்டு நிறத்தை வைச்சால் நடு றோட்டில சண்டை வரும்" என்றார். சிவப்பிலிருந்து பச்சைக்குப் போயே ஆகவேண்டும் என்றால் நடுவில் மஞ்சளை வையுங்கள். அது இரண்டு பேருக்கும் பக்கத்து வீடு.

*

கேள்வி: கலண்டர் ஒன்றுக்கு ஏ4 தாள் முழுக்க மெல்லிய நீலச் சாய்வு போட்டேன். சயன் 30இல் தொடங்கி 10இல் முடிகிறது. வழவழவென்று வராமல் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக வருகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?
— வடிவமைப்புப் பழகும் இளைஞர், வவுனியா

மென்பொருளில் பிழை இல்லை, தம்பி. எண்ணோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் கணக்குப் போட்டே காட்டலாம்.

ஒரு மையை வெறுமையிலிருந்து முழுமை வரை 256 படியாகத்தான் பிரிக்கிறார்கள். நீங்கள் போனது 30இலிருந்து 10, அதாவது 20 சதவீத தூரம். 256இல் 20 சதவீதம் 51 படி. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. 51ஆல் பிரித்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 6 மி.மீ. சின்ன விரல் நகத்தின் அகலத்துக்குக் கிட்ட ஒரே நிறம், பிறகு சட்டென்று அடுத்தது. கண் பிடிக்கத்தானே செய்யும். ஒரு படி முக்கால் மி.மீ. அளவுக்குள் நின்றால்தான் கண் ஏமாறும்.

ஆகவே மெல்லிய நிறமும் நீண்ட தூரமும் ஒன்றுக்கொன்று ஆகாது. 60இலிருந்து 5 வரை இறக்கினால் 140 படி. தாளின் மேல் பாதியோடு நிறுத்திக்கொண்டால் ஒரு படி 1 மி.மீ. ஆகிவிடும். கொஞ்சம் மஜென்ராவையும் சேர்த்து, அதை வேறு அளவில் இறக்கிவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு மையின் படிகளும் ஒரே இடத்தில் விழாது, ஒன்றின் விளிம்பை மற்றது மறைக்கும்.

இல்லை, மெல்லிசாகத்தான் வேண்டும், தாள் முழுக்கவும் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. சாய்வை போட்டோஷொப்பில் செய்யுங்கள், 300 பிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சலில். செய்த பிறகு பில்ரர் மெனுவில் நொய்ஸ், அட் நொய்ஸ், ஒன்று அல்லது இரண்டு சதவீதம். அதைப் படமாக இன்டிசைனுக்குள் கொண்டுவந்து பின்னால் போட்டுவிடுங்கள். சுளகில் மாவைத் தட்டிவிடுகிற மாதிரி, படிகளின் விளிம்பு சிதறிப்போகும்.

இன்னொன்று. உங்கள் பட்டை எந்தத் தாளில் வந்தது? வீட்டு லேசர் பிறின்ரரில் என்றால் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். பிறின்ரரின் டிபிஐயை, அதாவது அங்குலத்துக்கு அது வைக்கிற நுண்புள்ளிகளின் எண்ணிக்கையை, நிறப்புள்ளிகள் அங்குலத்துக்கு எத்தனை வரியாக விழுகின்றன என்ற எண்ணால் வகுத்து, வந்த விடையை அதனாலேயே பெருக்குங்கள். 600 டிபிஐ, 85 வரி என்றால் 7ஐ 7ஆல் பெருக்கி 50 படி கிட்ட. அதற்குமேல் அந்த மெஷினால் முடியாது. அச்சகத்தில் 2400 டிபிஐயில் எடுக்கிற பிளேட் (அச்சுத்தகடு), 150 வரி என்றால் 16ஐ 16ஆல் பெருக்கி 256. லேசரில் படிக்கட்டாக வந்தது பிளேட்டில் வழுவழுப்பாக வரக்கூடும். விலை குறைந்த லப்டொப் திரைகளும் இல்லாத பட்டையைக் காட்டும்.

*

கேள்வி: கல்வெட்டு அட்டையில் இறந்தவரின் படம் தோள்பட்டைக்குக் கீழே மெல்லக் கரைந்து பின்னணியோடு சேரவேண்டும். படத்தின்மேல் வெள்ளை கிறேடியன்ற் போட்டுப் பார்த்தேன், பின்னணி மெல்லிய சந்தன நிறம் என்பதால் வெள்ளைத் திட்டு தனியாகத் தெரிகிறது.
— வாசகி, கிளிநொச்சி

வெள்ளை என்பதும் ஒரு நிறம்தான் தங்கச்சி, அது மறையாது, மூடும். இன்டிசைனின் கிறேடியன்ற் சுவொட்சில் ஒரு முனையைக் கண்ணாடியாக்க வழி இல்லை. அதற்குத் தனிக் கருவி இருக்கிறது: கிறேடியன்ற் பெதர். ஷிப்ற்றும் ஜியும் சேர்த்துத் தட்டுங்கள். படத்தைத் தெரிந்துகொண்டு, சேட்டின் இரண்டாவது பொத்தானில் தொடங்கிப் படத்தின் கீழ் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே முடியுமாறு நேராக இழுங்கள். தொடங்கிய இடத்தில் படம் முழுதாக இருக்கும், முடிந்த இடத்தில் இல்லாமல் போகும். பின்னால் சந்தன நிறமோ பூவோ எது இருந்தாலும் அதோடு சேரும்.

விளிம்பு வரைக்கும் இழுத்துவிடாதீர்கள். கடைசியில் ஒரு கோடு மிஞ்சும். நாடியிலும் தொடங்க வேண்டாம். கழுத்துக்கு மேலே ஒரு நூல்கூடக் கரையக்கூடாது. சொந்தக்காரர் முதலில் பார்ப்பது முகத்தை. ஒருதரம் நாடி கொஞ்சம் மங்கியதற்கு "என்ன, அப்பு வெள்ளத்துக்குள்ள நிக்கிறாரோ" என்று கேட்டார்கள்.

அச்சகத்துக்கு பீடீஎஃப் கொடுக்கும்போது எக்ஸ்-4 என்ற வகையை எடுப்பார்களா என்று கேளுங்கள். பழைய முறையில் எக்ஸ்-1ஏ மட்டுந்தான் என்றால் இந்தக் கரைசல் பின்னணியோடு சேர்த்துத் துண்டு துண்டாகத் தட்டையாக்கப்படும். திரையில் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள் தெரியலாம். பெருப்பித்துப் பார்த்தும் கோடு அதே மெல்லிசாகவே நின்றால் அது திரையின் குழப்படி, தாளில் வராது.

*

கேள்வி: சிவப்பிலிருந்து கறுப்புக்குப் போகிற சாய்வு நடுவில் வெளிறிப் போகிறதே?
— பெயர் வேண்டாம், மாங்குளம்

கறுப்பு முனையில் கறுப்பு 100 மட்டும் வைத்திருப்பீர்கள். அங்கே சிவப்பையும் விட்டுவையுங்கள்: மஜென்ரா 100, மஞ்சள் 100, கறுப்பு 100. அப்போது சிவப்பு குறையாது, கறுப்பு மட்டும் ஏறும். பத்திரிகைத் தாள் என்றால் இவ்வளவு மையை அது குடிக்காது, ஊறிப் பின்பக்கம் தெரியும். மஜென்ராவையும் மஞ்சளையும் 60 ஆக்குங்கள்.

*

கேள்வி: திருவிழா நோட்டீசில் சாய்வு வெள்ளையில் முடிகிற இடத்தில் மெல்லக் கரையாமல் கத்தியால் வெட்டியது போல நிற்கிறது. திரையில் அப்படி இல்லை.
— அச்சுக்கடை வைத்திருப்பவர், புதுக்குடியிருப்பு

அண்ணை, உங்களுக்குத் தெரியாததா? 2, 3 சதவீதப் புள்ளிகளைப் பிளேட் பிடித்து வைத்திருக்காது. நிறம் 5, 4 என்று இறங்கி வந்து, அடுத்த அடியில் புள்ளியே இல்லை. அந்த எல்லைதான் உங்கள் வெட்டு. முடிவைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோகாமல் 5இல் நிறுத்துங்கள், தாள் முழுக்க அந்த 5 இருக்கட்டும். ஒருவரும் அதை நிறம் என்று சொல்லமாட்டார்கள். மறுமுனையிலும் பார்த்துக்கொள்ளுங்கள்: மலிந்த தாளில் புள்ளி பரந்து, 50 போட்டால் 70ஐத் தாண்டி நிற்கும். அதனால் நடு வைரத்தைக் கடும்நிறத்தின் பக்கம் தள்ளினால்தான் தாளில் நடு நடுவாகத் தெரியும்.

ஒரே நிற நோட்டீஸ் என்றால் நான் சாய்வே போடமாட்டேன். மஞ்சள் கடுதாசியில் கடும் சிவப்பு மை, தேர் படம் ஒன்று. தூரத்தில் வருகிறவனுக்கும் திகதி தெரியும்.

*

கேள்வி: தலைப்பு எழுத்துக்குக் கிறேடியன்ற் கொடுத்தால் முழு நிறமும் வராமல் பாதிதான் வருகிறது.
— மாணவி, ஒட்டுசுட்டான்

சாய்வு எழுத்துக்கல்ல, எழுத்து இருக்கிற பெட்டியின் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. பெட்டி 180 மி.மீ., தலைப்பு 90 மி.மீ. என்றால் பாதிதான் வரும். எழுத்துகளைத் தெரிந்து, ஜி தட்டி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இழுங்கள். பிறகு சொற்களை மாற்றினால் எழுத்து நகரும், நிறம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே எழுத்துப்பிழை பார்த்து முடித்த பிறகு செய்யுங்கள். தமிழில் சுழியும் கொம்பும் மெல்லியவை, மஞ்சள் முனையில் விழுந்த கொம்பு காணாமல் போகும். இதற்கு மேலே எழுத்துக்கு நிழலும் போடுவேன் என்றால் உங்கள் விருப்பம். நான் பார்க்கவில்லை.

*

கேள்வி: மாதாமாதம் இன்டிசைனுக்குக் கட்டக் காசு இல்லை. களவுப் பிரதி போடவும் மனமில்லை. வேறு வழி?
— சனசமூக நிலைய உறுப்பினர், முழங்காவில்

ஸ்கிரைபஸ். காசு இல்லை, களவும் இல்லை. முந்தி அதில் யூனிகோட் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும், அதனால் எங்கள் ஆட்கள் கிட்டப் போகவில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி வந்த 1.6இல் தமிழ் ஒழுங்காகக் கோக்கிறது. பெட்டியைத் தெரிந்து எஃப்2 தட்டினால் புறொப்பேற்றீஸ் திறக்கும். கலர்ஸ் பகுதியில் கிறேடியன்ற் இருக்கிறது, ஸ்ரொப் வைப்பது இன்டிசைனில் போலத்தான். நிறங்களை முதலில் எடிற் மெனுவில் செய்து வைத்துக்கொண்டு வாருங்கள், சாய்வுக்குள் நின்று நிறம் கலக்கத் தொடங்கினால் தலை சுற்றும்.

*

கேள்வி: நான் இன்னும் பேஜ்மேக்கர் 7இல் பாமினி எழுத்தில்தான் வேலை செய்கிறேன். 68 வயதில் புதிது பழக ஏலாது. இதில் கிறேடியன்ற் எங்கே இருக்கிறது? தேடிக் களைத்துவிட்டேன்.
— பழைய அச்சுக்கோப்பாளர், பரந்தன்

ஐயா, தேட வேண்டாம், இல்லை. 1985இல் பேஜ்மேக்கர் பிறந்ததிலிருந்து 2001இல் வந்த இந்தக் கடைசி 7 வரைக்கும் அதற்குள் நிறச்சாய்வு வைக்கவே இல்லை. தட்டையான நிறம், அதன் வெளிறல், கோட்டுக் கோலங்கள், அவ்வளவுதான். கோரல் டிரோ என்ற வரைகலை மென்பொருள் கடையில் இருந்தால் அதில் ஒரு பெட்டி கீறி, எஃப்11 தட்டி பவுன்ரன் பில் (அங்கே சாய்வுக்கு அதுதான் பெயர்) கொடுத்து, ரிஃப் படமாக எடுத்து, பேஜ்மேக்கருக்குள் பிளேஸ் பண்ணிப் பின்னால் அனுப்பிவிடுங்கள். பாமினி எழுத்து அதன்மேலே எப்போதும் போல நிற்கும்.

எனக்கு 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கிளிநொச்சியில் முதல் கொம்பியூட்டர் கிடைத்தது. கரன்ற் இல்லை, ஜெனரேற்றர். கோரலும் இல்லை. ஒரு கடை திறப்புவிழா அழைப்பிதழுக்குச் சாய்வு வேண்டும் என்று நின்றார்கள். 20 நீட்டுப் பெட்டி கீறி, பச்சையை முதலாவதில் 5, அடுத்ததில் 10, இப்படி 100 வரை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினேன். பதினாறாவது பெட்டியில் எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது, சேவ் பண்ணவில்லை, திரும்ப முதலிலிருந்து. அச்சாகி வந்ததைப் பார்த்தால் சாய்வே இல்லை, 20 கோடும் தனித்தனியாக எண்ணலாம். நான் வாய் திறக்க முந்தி, கடைக்காரரின் அம்மா அழைப்பிதழை வாங்கி விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பன்பாய் மாதிரி நல்ல வடிவாயிருக்கு பிள்ளை, எப்பிடி இழைச்சனீ?" என்று கேட்டா.